ஐந்து கூறு சவுக்குத் தோப்பு

திருவான்மியூரைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால், கொட்டிவாக்கத்தை அடுத்து வருவது எங்கள் பாலவாக்கம். இன்று அதைத் தனி ஊர் என்று சொல்வதற்கு அடையாளம் ஏதும் இல்லை. 2011-ஆம் ஆண்டு சென்னை மாநகராட்சியோடு இணைக்கப்பட்ட பின்னர், ஓர் ஊர் எங்கே முடிந்து மற்றோர் ஊர் எங்கே தொடங்குகிறது என்பது பேருந்து நடத்துநருக்கு மட்டுமே தெரிந்த இரகசியமாகிவிட்டது. எனக்கு நினைவு தெரிந்த நாளில், அதாவது 1950-களின் பிற்பகுதியில், கடலுக்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் இடைப்பட்ட இந்த மணற்பரப்பில் மீனவர் குப்பமும் தென்னந்தோப்பும் சவுக்குத் தோப்புமே இருந்தன. இரவில் படுத்தால் கடல் இரைவதும் சவுக்கு இரைவதும் ஒன்றுபோலவே கேட்கும். எது கடல், எது தோப்பு என்று பிரித்துச் சொல்வது எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு விளையாட்டு.

என் தந்தையாருக்கு ஐந்து ஏக்கர் சவுக்குத் தோப்பு இருந்தது. அதை அவர் ஐந்து கூறாகப் பிரித்து வைத்திருந்தார். கூறு ஒன்றுக்கு ஒரு ஏக்கர். ஆண்டுக்கு ஒரு கூறு வெட்டப்படும். அந்த ஆண்டு ஐப்பசி மழையில் அதே கூறில் புதிய நாற்று நடப்படும். ஆகவே எந்த நாளில் சென்று பார்த்தாலும் முழங்கால் உயரக் கன்றும், ஆள் உயரக் கன்றும், ஓலைக் கூரையை மீறியவையும், அண்ணாந்து பார்க்க வேண்டியவையும், அரிவாளுக்குக் காத்திருப்பவையும் படிப்படியாக நிற்கும். குடும்பப் புகைப்படத்தில் பிள்ளைகளை உயரவாரியாக நிறுத்துவதைப் போல என்று அம்மா சொல்வார்.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது முதன்முறையாக வெட்டு நடப்பதைப் பார்த்தேன். காலையில் பள்ளிக்குச் செல்லும்போது நின்றிருந்த மரங்கள், மாலையில் திரும்பி வரும்போது கிடந்தன. கழிகள் ஒருபுறம், கட்டைகள் ஒருபுறம், மிளாறு ஒருபுறம். நான் அழுதேன். தந்தையார் என்னைத் தேற்றவில்லை. கையைப் பிடித்து அடுத்த கூறுக்கு அழைத்துச் சென்று, அங்கே நின்ற நான்கு வயது மரங்களைக் காட்டி, "எண்ணு" என்றார். ஒரு வரிசையை எண்ணி முடிப்பதற்குள் அழுகை நின்றுவிட்டது. அவர் அதிகம் பேசாதவர். அன்று அவர் காட்டியதன் பொருள் எனக்கு விளங்கியபோது அவரும் இல்லை, தோப்பும் இல்லை.

சவுக்கு நம் மண்ணின் மரம் அன்று. அந்தமான் தொடங்கிக் கிழக்கே ஆஸ்திரேலியா வரையிலான கடற்கரைகளே அதன் தாயகம். சோழமண்டலக் கடற்கரையில் அது தோப்புத் தோப்பாகப் பெருகியது பத்தொன்பதாம் நூற்றாண்டில்தான். அதற்குக் காரணம் புகைவண்டி. 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாளன்று இராயபுரத்திலிருந்து வாலாஜா வரை தென்னிந்தியாவின் முதல் இரயில் ஓடியது. நிலக்கரி வெகுதொலைவிலிருந்து வரவேண்டியிருந்ததால் தொடக்க காலத்தில் எஞ்சின்கள் விறகையே தின்றன. சுற்றுப்புறக் காடுகள் கரையத் தொடங்கின. அதே 1856-இல் சென்னை மாகாணத்தில் வனத்துறை ஏற்படுத்தப்பட்டு, கிளெக்ஹார்ன் என்னும் மருத்துவர் அதன் தலைவராக அமர்ந்தார். இரயில் எஞ்சினுக்கும் நகரத்து அடுப்புகளுக்கும் விறகு வேண்டுமென்றால் அதைப் பயிரிட்டே தீரவேண்டும் என்னும் நிலை வந்தது. வெறும் மணலில் வளர்ந்து, விரைவில் பருத்து, பச்சையாக இருக்கும்போதே எரியக்கூடிய மரத்தைத் தேடியவர்களுக்குச் சவுக்கு கிடைத்தது.

நான் சிறுவனாக இருந்தபோது இரயிலுக்கு விறகு தேவைப்படவில்லை, அடுப்புகளுக்குத் தேவைப்பட்டது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் தெருவுக்கொரு விறகுத் தொட்டி இருந்தது. வடக்கே ஸ்ரீஹரிகோட்டாத் தீவிலிருந்து சவுக்கு விறகு கால்வாய்ப் படகுகளில் நகரத்துக்கு வந்தது. பின்னாளில் ராக்கெட் ஏவுவதற்காக 1969-இல் தேர்ந்தெடுக்கப்பட்ட அதே தீவுதான்! எங்கள் தோப்பு விறகு மாட்டுவண்டியில் அடையாற்றுப் பாலத்தைத் தாண்டிச் செல்லும். நேரான கழிகள் மட்டும் தனியே ஒதுக்கப்பட்டுக் கட்டடச் சாரத்துக்கும், பங்குத் திருவிழாப் பந்தலுக்கும் போகும். பந்தலில் நிற்கும் கால்களைப் பார்த்து, "இது நம் நான்காம் கூறு" என்று நான் தோழர்களிடம் பெருமையடித்துக்கொண்டதுண்டு. அது பொய்யாகவும் இருந்திருக்கலாம்.

மணலில் இந்த மரம் எப்படி உண்டு வளர்கிறது என்பது விந்தையான செய்தி. அதன் வேரில் சிறுசிறு முடிச்சுகள் இருக்கும். பிராங்கியா என்னும் நுண்ணுயிர் அவற்றில் குடியிருந்து, காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மரத்துக்கு உரமாகக் கொடுக்கிறது. பயற்றஞ்செடியின் வேரில் நடப்பது போன்றதுதான்; ஆனால் அங்கு வேலை செய்யும் உயிர் வேறு. மற்றோர் உணவாகிய கரியை மரம் இலையின் வழியே காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. சவுக்கில் நாம் இலை என்று எண்ணும் அந்தப் பச்சை நூல்கள் உண்மையில் மெல்லிய கிளைகளே. இலைகள் அவற்றின் கணுக்களில் செதிலாகச் சிறுத்துப்போயிருக்கின்றன. அவை கரியமில வாயுவை உள்ளிழுத்து, பிராணவாயுவை வெளியே விட்டு, கரியை மரமாக்கி வைத்துக்கொள்கின்றன. நன்கு காய்ந்த எந்த மரத்தை எடுத்தாலும் எடையில் ஏறத்தாழப் பாதி கரி. காற்றிலிருந்து வந்த கரி.

தந்தையார் 1984-இல் காலமானார். உடன்பிறந்தோர் நால்வர். சாலையோரம் வீட்டு மனைகளுக்குக் கிராக்கி ஏற்பட்டிருந்த காலம். 1986-இல் நிலத்தை விற்றோம். மூத்தவன் என்ற முறையில் முதல் கையெழுத்து என்னுடையது. வாங்கியவர்கள் ஐந்து கூறையும் ஒரே வாரத்தில் வெட்டினார்கள். ஓராண்டுக் கன்றுகள் விறகுக்கும் உதவமாட்டா. அவற்றைப் பிடுங்கிக் குவித்து அங்கேயே கொளுத்தினார்கள். பிறகு அடிக்கட்டைகளைத் தோண்டியெடுத்து, கல் ஊன்றினார்கள். அந்த மனைகளுள் ஒன்றை எனக்கென்று ஒதுக்கச் சொல்லி, அதில் வீடு கட்டிக்கொண்டேன். இக்கட்டுரையை எழுதும் இந்த அறை, என் கணக்குப்படி, மூன்றாம் கூறின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது.

இந்தப் பழங்கதையை நான் கிளறவேண்டிய தேவை சென்ற ஆண்டு ஏற்பட்டது. மரக்காணத்துக்கு அருகில் என் மனைவிக்குத் தாய்வீட்டு வழியாக வந்த இரண்டரை ஏக்கர் நிலம் இருக்கிறது. அந்தப் பக்கம் இன்றும் சவுக்கு நாடுதான். ஆறு ஆண்டுகளுக்கு முன் அங்கே சவுக்கு வைத்தோம். வெட்டும் பருவம் வந்தது. இரண்டாவது மகளின் வீட்டுக் கடனுக்காகப் பணமும் தேவைப்பட்டது. செய்தி கேட்டதும் பதினோராம் வகுப்பில் படிக்கும் பேத்தி என் எதிரே வந்து நின்றாள்.

"தாத்தா, உலகமே சூடாகிக்கொண்டிருக்கிறது. மரங்கள்தாம் கரியமில வாயுவைப் பிடித்து வைத்திருக்கின்றன. நீங்கள் இரண்டரை ஏக்கரையும் வெட்டப் போகிறீர்களா?"

நான் சட்டென்று பதில் சொல்லவில்லை. ஐந்து ஏக்கரை வெட்டக் கொடுத்தவன் அல்லவா! தந்தையாரின் கணக்குப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். ஏக்கருக்கு இருபது டன் பச்சை விறகு என்று பல ஆண்டுகளில் எழுதியிருந்தார். மழையை மட்டுமே நம்பிய மணல் நிலத்துக்கு அது ஒன்றும் குறைவில்லை. பேத்தியும் நானும் தாளும் பேனாவுமாக உட்கார்ந்தோம். இருபது டன் பச்சை மரத்தில் ஏறத்தாழப் பாதி நீர். காய்ந்தால் பத்து டன். அதில் பாதி கரி, ஐந்து டன். ஒரு டன் கரி, கரியமில வாயுவாக இருக்கும்போது மூன்றே முக்கால் டன்னுக்குச் சற்றுக் குறைவாக எடை காணும். ஆகவே ஐந்து வயது நிரம்பிய ஓர் ஏக்கர் தோப்பு காற்றிலிருந்து பதினெட்டு டன் கரியமில வாயுவை இழுத்து வைத்திருக்கிறது. வேரைச் சேர்த்தால் இன்னும் கூடும்.

இனி ஐந்து கூறுக்கு வாருங்கள். ஆண்டுக்கு ஒரு டன் கரி வீதம் சீராக வளர்வதாக வைத்துக்கொள்வோம். (உண்மையில் முதலாண்டு கன்று நோஞ்சானாகவே இருக்கும், பிறகுதான் பாயும்.) வெட்டுக்கு முந்தைய நாள் ஐந்து கூறிலும் முறையே ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆகப் பதினைந்து டன் கரி நிற்கிறது. வெட்டிய மறுநாள் பத்து டன். அடுத்த ஆண்டு அதே நாளில் மீண்டும் பதினைந்து. தந்தையார் காலத்தில் ஆண்டுதோறும் வண்டி வண்டியாக விறகு வெளியேறிக்கொண்டே இருந்தது. ஆயினும் தோப்பில் இருந்த கரி பத்துக்குக் கீழே இறங்கியதே இல்லை. எட்டு வயதில் "எண்ணு" என்று அவர் சொன்னதன் பொருள் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது.

பேத்தி விடுவதாக இல்லை. "ஐந்து கூறையும் வெட்டாமல் விட்டிருந்தால் ஐயைந்து இருபத்தைந்து டன் நின்றிருக்குமே?" என்றாள். உண்மைதான், அதை மறுப்பதற்கில்லை. வெட்டி நடும் தோப்பு, வெட்டாத தோப்பைவிடக் குறைவாகவே சேமித்து வைத்திருக்கும். சவுக்கு நாற்பது ஐம்பது ஆண்டுகள் வாழக்கூடிய மரம். விட்டுவைத்தால் வளர்ச்சியின் வேகம் தணிந்தாலும் சேர்ப்பது உடனே நின்றுவிடுவதில்லை.

அத்துடன், வெட்டிய மரம் எங்கே போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. அடுப்புக்குப் போனால், ஐந்து ஆண்டுகள் சேர்த்த கரி ஒரு மாலைப்பொழுதில் காற்றுக்குத் திரும்பிவிடும். பந்தல் கழியானால் சில ஆண்டுகள் தாங்கும். இப்போது நம் மாநிலத்துச் சவுக்கில் பெரும்பகுதி காகித ஆலைக்குப் போகிறது. காகிதத்தின் ஆயுளும் குறைவுதான். இந்த இதழை நீங்கள் எடைக்குப் போடும் நாள் வரையில் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேக்கின் கதை வேறு. 1840-களில் மலபார் கலெக்டர் கனோலியின் முயற்சியால், சாத்து மேனன் என்பவர் நின்று பார்த்து நட்ட நிலம்பூர்த் தேக்கு மரங்களுள் சில இன்றும் நிற்கின்றன. எங்கள் வீட்டு வாசற்கதவு, மயிலாப்பூரில் இடிக்கப்பட்ட பழைய வீடு ஒன்றிலிருந்து நான் வாங்கி வந்த பர்மாத் தேக்கு. நூறாண்டுக்கு முன் எந்தக் காட்டிலோ காற்றிலிருந்து எடுக்கப்பட்ட கரி, இன்றும் இரவில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு எங்களைக் காத்து நிற்கிறது.

அடுப்பில் எரித்த விறகைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அந்தக் கரி சில ஆண்டுகளுக்கு முன்புதான் காற்றில் இருந்தது. மறுபடி நட்டால் மறுபடி மரத்துக்குள் போகும். நிலக்கரியும் எண்ணெயும் எரிவாயுவும் அப்படியல்ல. கோடிக்கணக்கான ஆண்டுகள் பூமிக்குள் கிடந்த கரியைத் தோண்டியெடுத்துப் புதிதாகக் காற்றில் சேர்க்கிறோம். ஆனால் விறகை எரித்த புகை இன்றே போய்விடும். கன்று அதைத் திரும்ப எடுக்க ஐந்து ஆண்டுகள் ஆகும். இடையில் அது கடன்தான். நடாவிட்டால் வாராக் கடன். மேலும், விறகடுப்பின் புகையில் என் தாயார் வாழ்நாள் முழுதும் இருமியதைக் கேட்டவன் நான். எரிவாயு அடுப்பு வந்த நாளை எந்தக் கணக்கைக் காட்டியும் என்னால் குறை சொல்ல முடியாது.

மண்ணின் பங்கையும் மறந்துவிடக்கூடாது. சவுக்குத் தோப்பில் காலடியில் மெத்தைபோல் கிடக்கும் சருகு, மெல்ல மக்கி மணலுக்குக் கருமை ஏற்றுகிறது. அந்தக் கருமையும் கரிதான். குப்பத்துப் பெண்கள் அடுப்பெரிக்க அதை வாரிக்கொண்டு போவார்கள். இளங்கூறுகளில் சருகு வாரக்கூடாது என்பது தந்தையாரின் கட்டளை. அவர் நகரத்துக்குப் போன நாட்களில் அம்மா வேலிப்படலைத் திறந்து விடுவார். விஞ்ஞானம் தந்தையார் பக்கம். நான் அன்றும் இன்றும் அம்மா பக்கம்.

அப்படியானால் எதையுமே வெட்டலாமா என்று யாரும் கேட்டுவிடக்கூடாது. கிண்டிக்குச் சென்று பாருங்கள். நகரத்தின் நடுவே ஏறத்தாழ 270 எக்டேர் பரப்பில், 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட காடு நிற்கிறது. நம் கடற்கரைச் சமவெளியின் பழைய உலர் பசுமைக்காட்டில் எஞ்சியதொரு துண்டு அது. 2016 டிசம்பர் 12-ஆம் நாள் வர்தா புயல் நகரத்தில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது கிண்டியும் தப்பவில்லை. விழுந்த மரம் மக்கும். திறந்த வானத்தின் கீழ் புதுக்கன்று எழும்பும். அங்கே வெட்டுவதும் நடுவதும் காட்டின் சொந்த வேலை. முதிர்ந்த காடு கரி சேர்ப்பதை நிறுத்திவிடும் என்றே நெடுநாள் எண்ணியிருந்தார்கள். முதிர்ந்த காடுகள் பலவும் இன்னும் சேர்த்துக்கொண்டிருக்கின்றன என்று 2008-இல் வெளிவந்த ஓர் உலகளாவிய ஆய்வு காட்டியது. அத்தகைய காட்டை அழித்துவிட்டுச் சவுக்கு வைப்பது பெரும் நட்டம். 1988-ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தங்களுக்கு வேண்டிய மரத்தை உழவர்களிடமிருந்து பெறவேண்டும் என்று சொன்னதும் காடுகளைக் காக்கவே. எங்களைப் போன்றோரின் தோப்பு, காட்டின்மேல் விழவேண்டிய அரிவாளைத் தான் வாங்கிக்கொள்கிறது.

சவுக்கை எங்கும் நடலாம் என்பதும் தவறே. 2004 சுனாமியின்போது கடலூர் மாவட்டத்தில் சவுக்குத் தோப்புகளுக்குள் இருந்த ஊர்களில் சேதம் குறைவாக இருந்ததை ஆய்வாளர்கள் குறித்தார்கள். அதன்பின் கரையோரமெங்கும் சவுக்கு நட்டார்கள். ஆனால் அலை தொடும் மணல்வரை நட்டுவிட்டால், முட்டையிட வரும் ஆமைகளுக்கு இடமிருக்காது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை பங்குனி இரவுகளில் முட்டைகளைத் தேடி நடக்கும் இளைஞர்கள் எங்கள் வீட்டு வழியாகத்தான் போகிறார்கள். அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

மரக்காணத்துக்கு வருவோம். வெட்டுச் செய்தி பரவியதும் மனைத் தரகர் ஒருவரும் வந்துவிட்டார். விறகு வியாபாரி கொடுப்பதைப் போலப் பன்மடங்கு தொகையைச் சொன்னார். வெட்டாமல் விட்டுவைப்போம் என்று பேத்தியின் பக்கம் நான் சாய்ந்திருந்த நேரம் அது. என் மனைவி அதுவரை வாய் திறக்கவில்லை. தரகர் போனபின் சொன்னாள்: "வெட்டாமல் வைத்தால் நிலம் சும்மா கிடக்கிறது என்பார்கள். சும்மா கிடக்கும் நிலத்தை நம் பிள்ளைகள் எத்தனை வருடம் விட்டு வைப்பார்கள்? நீங்கள் எத்தனை வருடம் விட்டு வைத்தீர்கள்?"

இரண்டு. தந்தையார் இறந்து இரண்டே ஆண்டுகள். அவள் கணக்குத் தவறாதவள்.

அன்றிரவே முடிவு செய்தோம். இரண்டரை ஏக்கரை ஐந்து அரை ஏக்கராக வகுத்து, ஆண்டுக்கு ஒன்று வெட்டுவது. வெட்டிய இடத்தில் அந்த மழைக்கே நடுவது. மகளுக்குத் தவணையை அடைக்கச் சிறிது சிறிதாகப் பணம் வரும், மொத்தமாக வராது. அவளும் ஒப்புக்கொண்டாள், முகம் சற்று வாடியதை நான் கவனித்தேன். வியாபாரிக்கும் இது பிடிக்கவில்லை. "அரை ஏக்கருக்காக ஆளும் லாரியும் கொண்டுவந்தால் எனக்குக் கட்டுமா, ஐயா?" என்றார். கடைசியில் பக்கத்து நிலத்துக்காரர் வெட்டும் நாளில் சேர்த்து வெட்டுவதாகப் பேசி, எடைக்குச் சற்று விலை குறைத்துத்தான் எடுத்தார். ஐந்தாம் கூறு வெட்டப்படும்போது அதற்குப் பத்து வயது ஆகியிருக்கும். அதற்குள் 2011-இல் கடலூரைப் புரட்டிய தானே போன்ற ஒரு புயல் வந்தால் நிற்குமா என்பதும் ஐயமே. ஒரே வயதுத் தோப்பை ஐந்து வயதுத் தோப்பாக மாற்றுவதற்கு இந்த நட்டங்களைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆவணியில் முதல் அரை ஏக்கர் விழுந்தது. பேத்தி வரமாட்டாள் என்று நினைத்தேன். அளவு நாடாவோடு வந்தாள். மற்ற நான்கு கூறுகளிலும் வரிசைக்குப் பத்து மரம் வீதம் தேர்ந்தெடுத்து, தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் சுற்றளவு எடுத்து நோட்டில் எழுதினாள். வனத்துறையினர் அப்படித்தான் அளப்பார்களாம். வெட்டிய மரங்களின் பக்கம் அவள் திரும்பவே இல்லை. நானும் அவளைத் தேற்றவில்லை.

கட்டைகளைத் தோண்டியெடுக்காமல் மண்ணிலேயே மக்க விட்டோம், சருகையும் வாரவில்லை. ஐப்பசியில் இரண்டாம் மழை பெய்த மறுநாள் நட்டோம். மூன்றடிக்கு ஒரு குழி. அரை ஏக்கருக்கு இரண்டாயிரத்துச் சொச்சம். கோவை வன மரபியல் நிறுவனத்தார் வெளியிட்ட இரகம் என்று சொல்லி நாற்றங்காலில் கொடுத்தார்கள். மூன்றாண்டிலேயே வெட்டுக்கு வரும் என்றார்கள். நான் ஐந்து என்றே நோட்டில் எழுதச் சொன்னேன். தை மாதம் போய்ப் பார்த்தபோது நூற்றுக்குப் பத்து கன்று பட்டுப்போயிருந்தது. அந்தக் குழிகளுக்கு மறு நாற்று வாங்கி வைத்து, குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றிவிட்டு வந்திருக்கிறோம். அடுத்த ஆவணியில் இரண்டாம் கூறு.